நண்டு வண்டிக்குக் கரண்ட் வரவில்லை

ஜூன் 4, புதன்

நண்டு வண்டிக்கு இன்று சர்வீஸ். ஆயில் மாற்றினேன், செயினை இறுக்கினேன், ஏர் ஃபில்டரைத் தட்டியதில் ஒரு உழக்குச் செம்மணல் கொட்டியது. எஞ்சினின் பக்கவாட்டு மூடியான மேக்னட் கவரிலிருந்து ஒயர் வெளியே வரும் இடத்தில் ரப்பர் கிழிந்திருந்தது. அந்த வழியாக மணல் புகுந்துவிடக் கூடாதே என்று கவரைக் கழற்றிப் புது ரப்பர் போட்டு மூடினேன். இடம், ஊரை ஒட்டிய செம்மணல் மேடான தேரிக்குள் இருபத்துமூன்றாம் கம்பத்துக்குப் பக்கத்து முந்திரி நிழல். துண்டு விரித்தேன். வேலை முடிய ஒரு மணி நேரம்.

கடைக்குக் கொண்டுவந்தே செய்திருக்கலாம். நிழல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த நோட்டில் ஏன் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன் என்று அக்கா கேட்கிறாள். ஒரு தடவை ஒரே ஒயரை மூன்று நாள் மாற்றி மாற்றிச் சோதித்ததில் ஊர் சிரித்தது. அதிலிருந்து எதைச் சோதித்தாலும் எழுதிவிடுவேன். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சுயம்புலிங்கம் ஒரே பள்ளத்தில் இரண்டு தடவை விழமாட்டான்.

நண்டு வண்டி என்பது ஊர் வைத்த பெயர். பைக்கைப் போல ஹேண்டில், நான்கு குண்டு டயர், இரண்டு பேர் உட்காரும் நீள சீட். மணல் மேட்டில் பக்கவாட்டில் ஏறும்போது நண்டு மாதிரிதான் இருக்கும். கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்று கோகிலவாணி மேடத்துக்குக் கொடுத்திருக்கிறது. தேரி மணல் காற்றில் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது மேடத்தின் ஆராய்ச்சி. அறுபது கம்பம் நட்டிருக்கிறார். புதன்தோறும் ஒவ்வொன்றிலும் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று குறிப்பார். மூன்று வருடக் கணக்கு, இரண்டே முக்கால் வருடம் ஆகிவிட்டது. மணலில் வண்டி புதைந்தால் தள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதால் நானும் கூடப் போகிறேன். இதுவரை மூன்று தடவை புதைந்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

முப்பத்தொன்றாம் கம்பத்தில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி இல்லை.

“ஏனுங்க, பெரிய ரிப்பேருங்களா?” என்றார் மேடம். அவர் ஈரோட்டுப் பக்கம். அங்கே யாரை வேண்டுமானாலும் ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் ‘ஏங்க’ என்று பெண்டாட்டி புருஷனைத்தான் கூப்பிடுவாள். இரண்டே முக்கால் வருடமாகக் கேட்கிறேன், இன்னும் பழகவில்லை.

“ஒரு ஒயரு லூசா இருக்கும் மேடம். நாளைக்கே ஓடும்” என்று சொன்னேன்.

நடந்து திரும்பினோம். ஆனி பிறக்கும் முன்பே ஆனிக் காற்று. மணல் முழங்கால் உயரத்துக்குப் புகையாக ஓடியது. இடுப்புக்கு மேலே தெளிந்த வானம், கீழே கால் தெரியவில்லை. மேடம் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். சத்தமே இல்லாமல் மிதந்து போவது போல இருந்தது. ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த தடம் எதுவும் இல்லை. ஊர் வரவே வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வெயில் ஆளை என்னவெல்லாம் நினைக்க வைக்கிறது.

ஜூன் 12, வியாழன்

டிராக்டர் வைத்து இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்தாயிற்று. பேட்டரி நல்லது. ஃபியூஸ் நல்லது. சாவி சுவிட்ச், ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச், இரண்டும் சரி. எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினேன். பொறி இல்லை.

ஜூன் 13, வெள்ளி

பொறிக்கு வோல்ட் ஏற்றிக் கொடுக்கும் எச்.டி. காயிலை மாற்றிப் பார்த்தேன். பிளக் தொப்பியும். இல்லை.

ஜூன் 14, சனி

பல்சர் காயில் பார்த்தேன். எஞ்சின் சுற்றும்போது எந்த நொடியில் பொறி விட வேண்டும் என்று சேதி சொல்வது இந்தச் சின்னக் காயில்தான். நுனியில் ஒரு காந்தம் உண்டு. மேக்னட் கவருக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே வரும் இரண்டு ஒயரில் மீட்டரை வைத்தேன். ஓம்ஸ் கச்சிதமாகக் காட்டியது. ஆகவே கவரைத் திறக்கவில்லை. பத்து நாளுக்கு முன்னால் என் கையால் மூடிய கவர், அதில் என்ன கோளாறு இருக்கப்போகிறது.

பகல் வெளிச்சத்தில் மெல்லிய பொறி கண்ணில் படாது. அதனால் ஒரு கம்பளியை எஞ்சின் மேலும் என் தலை மேலும் போர்த்திக்கொண்டு பார்த்தேன். உள்ளே பெட்ரோல் வாசனை. வெயில் கம்பளி நூல் வழியாகச் சிவப்பாக வடிந்தது. “நானும் பாக்கட்டுங்களா?” என்று ஒரு குரல். கம்பளியின் ஓரம் உயர்ந்தது. மேடமும் தலையை உள்ளே விட்டார்.

ஒரு கையை வெளியே நீட்டிச் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். இரண்டு பேரும் பிளக் முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வருதுங்களா?”

“வரல.”

“இன்னொருக்கா அமுத்துங்க.”

பதினோரு தடவை அழுத்தினேன். நான்கு தடவை போதும்.

வெளியே வந்ததும், “சி.டி.ஐ. பெட்டி போயிருக்கு மேடம், வேற எதுவும் இல்ல” என்று அடித்துச் சொன்னேன். பல்சர் சொல்லும் சேதியை வாங்கிப் பொறி விட வைக்கும் கறுப்புப் பெட்டி அது. அது மட்டும்தான் என்னால் சோதிக்க முடியாத பொருள். சோதிக்க முடியாததன் மேல் பழி போடுவது சுலபம். மேடம் உடனே ஆபீசுக்கு எழுதினார்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் தூங்கினேன். கனவில் கரண்ட் எறும்பு வரிசையாக ஒயருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிவப்புத் துகள். ஒரு இடத்தில் வரிசை நின்றுவிட்டது. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். முன்னால் போன எறும்பு திரும்பிப் பார்த்து, “ஏனுங்க” என்றது.

அக்கா எழுப்பினாள். “ஏலே சுயம்பு, மணி நாலாவுது. தூக்கத்துல சிரிக்க. சாத்தாங்குளத்துல ஒரு பொண்ணு இருக்காம். வாற வாரம் பாத்துட்டு வருவோமா?”

“வண்டி வேல கெடக்குக்கா.”

“முப்பத்தெட்டு வயசாவுது. அந்த வண்டிக்காச்சும் புதன்கெழமைன்னு ஒரு நாளு இருக்கு. ஒனக்கு?”

பொன்னுத்தாய் அக்காவுக்கு வாய் நீளம்.

ஜூன் 18, புதன்

பக்கத்துக் கம்பங்களை நடந்தே அளந்தோம், இருபத்தாறு வரைக்கும். மீதியெல்லாம் தேரியின் நடுவயிற்றில் இருக்கிறது. நடந்து போனால் ஒரு பகலில் திரும்ப முடியாது. போன வாரமும் முப்பத்தொன்றுக்கு மேலே விட்டுப்போயின.

“மூணு புதன் சேர்ந்தாப்ல விட்டுப்போச்சுன்னா கணக்கு அறுந்துருமுங்க. அப்புறம் மறுபடி ஒண்ணுல இருந்துதான்” என்றார் மேடம்.

“அடுத்த புதன் ஓடும் மேடம்.”

“நீங்க சொன்னா சரிங்க.”

என் பேச்சை நம்பி அளவு நோட்டை மூடினார்.

முந்திரி நிழலில் உட்கார்ந்தோம். தான் சின்ன வயதில் பார்த்த ஆறு எப்போதும் ஒரே இடத்தில் ஓடியது என்றும், ஓடாமல் இருக்க வேண்டிய மண் ஓடுவதைப் பார்க்கத்தான் இங்கே வந்ததாகவும் மேடம் சொன்னார். இந்த மேடு வருடத்துக்கு ஒரு முழம் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கிறதாம். இதே மேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாது. மேடு நடப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காற்று நின்றபோது இலை ஒவ்வொன்றிலிருந்தும் மணல் உதிர்ந்தது.

ஜூன் 20, வெள்ளி

புதுப் பெட்டி பார்சலில் வந்தது. மாட்டினேன். பொறி இல்லை.

“இதுவும் கெட்ட பெட்டிதான்” என்று சொல்லிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லும்போதே எனக்கு அது கேட்டது. ஆனாலும் சொன்னேன். மேடம் மறுபேச்சில்லாமல் அதையும் ஆபீசுக்கு எழுதினார்.

ஜூன் 21, சனி

ஆபீசிலிருந்து போன். மேடம் கடை வாசலில் நின்று பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. இரண்டு பெட்டியும் எப்படிக் கெட்டுப்போகும், பெட்டி கொடுத்தவர் சண்டைக்கு வருகிறார், உங்களுக்கு ஊர் திரும்ப ஆசையென்றால் நேராகச் சொல்லுங்கள், இப்படிச் சாக்குச் சொல்ல வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி புதன் வண்டி ஓடவில்லையென்றால் இருபத்தாறாம் தேதி லாரி வரும். வண்டியையும் ஏற்றிக்கொண்டு நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

போனைப் பைக்குள் வைத்தார். “சாக்குச் சொல்றேனாமுங்க” என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

முழு ஒயரிங்கையும் உருவிக் கடைத் தரையில் பரப்பினேன். பச்சை, மஞ்சள், கறுப்பில் வெள்ளைக் கோடு. சாமி படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றி விரித்தது போலக் கிடந்தது. ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். வெட்டு இல்லை, உரசல் இல்லை, துரு இல்லை. குற்றமே இல்லாத ஒயர். மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். அக்கா சோற்றைக் கொண்டுவந்து, மிதிக்காமல் வைக்க இடம் தேடி, கடைசியில் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 23, திங்கள்

எல்லா ஒயரையும் திரும்ப மாட்டினேன். பொறி இல்லை.

மேடம் வந்தார். இந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். சோதனைப் பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“பல்சர் காயில் ஓம்ஸ் சரின்னு போட்டிருக்கீங்க. ஓம்ஸ் சரியா இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்களா?”

“கம்பி அறுந்துபோகலன்னு அர்த்தம்.”

“அப்ப வேலை செய்யுதான்னு எப்படிங்க தெரியும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் தொழிலை எனக்கே சொல்லித் தருவதா. அவர் போன பிறகு மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பி, பல்சர் ஒயரில் வைத்துச் செல்ஃப் அடித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் துள்ள வேண்டும். அசையவில்லை.

நான்காம் தேதிக் குறிப்பை எடுத்துப் படித்தேன். ‘துண்டு விரித்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. யாருக்கு விரித்தேன் என்று எழுதவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையிலேயே மேக்னட் கவரைத் திறந்தேன். திறக்கும்போதே தெரிந்துவிட்டது. பல்சர் காயிலின் நுனியில் தேரி மணல் முடி முடியாக நட்டுக்கொண்டு நின்றது. காந்தத்துக்கும் உள்ளே சுற்றும் சக்கரத்துக்கும் நடுவே அரிசி கனம் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி முழுவதும் மணல்.

தேரி மணலில் இரும்பு உண்டு என்று இங்கே பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பள்ளிக்கூட நாளில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இந்த மணலில் இழுத்திருக்கிறோம். கறுப்பு மீசை முளைத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மணலின் மேல் காந்தம் இருக்கிற கவரை, காயிலோடு, குப்புற வைத்தவன் நான். ஊருக்குப் புதிதாக வந்தவன் கூடச் செய்யமாட்டான். அதன் மேலே ரப்பர் வேறு போட்டு, மணல் புகாமல் பத்திரமாக மூடியிருக்கிறேன். ஒரு வாரம் ஓடியிருக்கிறது. ஓட ஓட, கவருக்குள் சிதறிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நுனிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஈரத் துணியால் துடைத்தால் போகவில்லை. மைதா மாவைப் பிசைந்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். இரண்டு மணி நேரம். மாவு சிவப்பாகிவிட்டது.

மூடிவிட்டு, கம்பளியைப் போர்த்தி, செல்ஃப் அடித்தேன். நீலமாக வந்தது. டிக் டிக் டிக் என்று சின்னச் சத்தம். கம்பளிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். இருபது வருடத் தொழிலில் ஒரு பொறியைப் பார்த்து அழுதது இதுதான் முதல் தடவை.

எஞ்சின் சத்தம் கேட்டு மேடம் தெருமுனையிலிருந்து ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. “ஓடுதுங்க! ஓடுதுங்க!” என்று என்னிடமே சொன்னார். பிறகு, “என்னதானுங்க கோளாறு? ஆபீசுக்குக் காரணம் எழுதிக் கொடுக்கோணும்” என்றார்.

“நாளைக்குச் சொல்லுதேன் மேடம்.”

ஜூன் 25, புதன்

அறுபது கம்பமும் அளந்தாயிற்று. கணக்கு அறவில்லை.

விடியும்போதே கிளம்பினோம். வண்டி மேட்டில் ஏறி உச்சியில் ஒரு நொடி நின்று மறுபக்கம் வழுக்கும்போது வயிறு கூசும். அப்போதெல்லாம் மேடம் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். மூன்று வாரத்தில் சில மேடுகள் முகம் மாறியிருந்தன. நாற்பத்தொன்றாம் கம்பம் இடுப்புவரை புதைந்திருந்தது. ஐம்பதாம் கம்பம் குதிகால் தெரிய நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பத்திலும் நினைத்தேன். அடுத்த கம்பத்தில் சொல்லலாம் என்று அறுபது கம்பம் போயிற்று.

திரும்பும் வழியில் முந்திரி நிழலில் நிறுத்தினார். அங்கே சொன்னேன். பெட்டி இரண்டும் நல்லது, மணல் புகுந்தது என் கையால், என்று.

“எப்பவும் துணி விரிச்சுத்தானுங்க வேலை செய்வீங்க?”

“அன்னைக்குத் துண்டு ஒண்ணுதான் இருந்துச்சு மேடம். அதுல நீங்க உக்காந்திருந்தீங்க.”

அவர் கீழே மணலைப் பார்த்தார், இன்றைக்கும் விரித்திருந்த துண்டைப் பார்த்தார். பிறகு, “ஒயர் லூசுன்னு எழுதிரட்டுங்களா? அது பெரிய பொய் இல்லீங்களே” என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் சாக்குச் சொன்னதாக ஆபீசில் பேச்சு இருக்கிறது. பெட்டி கொடுத்தவர் யாரோ எவரோ, அவர் பெயரும் கெட்டிருக்கிறது. லூஸ் ஒயர் என்று எழுதினால் இரண்டு பழியும் அப்படியே நிற்கும்.

“உண்மைய எழுதுனா உங்களை இந்த வண்டிப் பக்கமே விடமாட்டாங்க.”

“தெரியும் மேடம்.”

அவர் எழுந்து துண்டை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஜூன் 27, வெள்ளி

நானே எழுதினேன். ஒரு பக்கம். ‘மேற்படி பழுது வாகனத்தினாலோ, உதிரிப் பாகத்தினாலோ, திட்ட அலுவலரின் கவனக்குறைவினாலோ ஏற்பட்டதல்ல. பழுது பார்த்த சுயம்புலிங்கமாகிய நான் காந்தம் உள்ள பாகத்தைத் தேரி மணலில் வைத்ததே காரணம். பெட்டி கெட்டது என்று அலுவலரிடம் இருமுறை சொன்னதும் நான்தான்.’ துண்டைப் பற்றி எழுதவில்லை. அது ஆபீசுக்கு வேண்டாத விஷயம்.

கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை இல்லாத வாரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஆபீஸ் கடிதம் வந்துவிட்டது. மேடத்தின் மேல் தவறு இல்லை, ஆராய்ச்சி முடியும்வரை தொடரலாம். பெட்டி கொடுத்தவருக்கு வருத்தம் தெரிவித்தாயிற்று. சுயம்புலிங்கம் என்பவர் இனி எக்காரணம் கொண்டும் மேற்படி வாகனத்தைத் தொடக்கூடாது. பழுது பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வருவார்.

மேடம் ஒரு நகலைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சத்தம் தேயும்வரை கேட்டேன். எஞ்சின் நன்றாகப் பிடிக்கிறது. நிற்கும்போது ஓடும் வேகம், ஐடிலிங், கொஞ்சம் கூடுதல், ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். இனி அது தூத்துக்குடிக்காரர் பாடு.

அக்கா கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன். “நீ போயி எழுதிக் குடுத்தியாக்கும்” என்றாள். சாத்தாங்குளம் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். துக்க வீட்டில்தான் இப்படிக் கவனிப்பார்கள்.

எனக்கு வலிக்கிறது. வேலைக் குறிப்பு நோட்டுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 2, புதன்

ஒரு மினி வேனுக்கு ஹெட்லைட் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணிக்கு நண்டு வண்டி வந்து கடை வாசலில் நின்றது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

மேடம் எஞ்சினை அணைக்கவில்லை. “கிளம்பலீங்களா?” என்றார்.

“கடுதாசில எழுதியிருக்கே மேடம்.”

“வண்டியத் தொடக்கூடாதுன்னுதானுங்க எழுதியிருக்காங்க. நாலு தடவை படிச்சுப் பாத்தேன். கூட உக்காந்து வரக்கூடாதுன்னு எங்கியும் எழுதலீங்க.”

மினி வேன்காரரிடம் நாளைக்கு வரச் சொன்னேன்.

சீட்டில் ஏறினேன். பின்னால் உட்காருகிறவன் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி உண்டு. கம்பியும் வண்டிதான். கையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் மேடு வந்தபோது மேடம் திரும்பிப் பார்க்காமலே, “விழுந்துருவீங்க. பிடிச்சுக்குங்க” என்றார்.

அறுபது கம்பமும் அளந்தாயிற்று. காற்று குறைவு. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, நான் அதை எங்கேயும் தொடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு போனேன் என்பது வேலைக் குறிப்பில் சேராது.